தண்ணீர் வற்றும் நேரத்தில் பெண் பார்க்க வந்தார்கள்

சிதம்பரத்தில் என் தங்கை வசந்தி வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, கடலூர் எப்படி ஊரானது என்று லெக்சர் அடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அதுவும், யாரும் கேட்காமலே!

எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் வடலூரிலிருந்து வந்தவர்கள். வசந்தியின் மகள் ரம்யாவைப் பெண் பார்க்க வந்தவர்கள். கேசரி வந்துவிட்டது. பஜ்ஜி வந்துவிட்டது. காபி இரண்டாவது ரவுண்டு போய்க்கொண்டிருந்தது.

பெண்ணைத்தான் காணோம்.

வந்தவர்களை எவ்வளவு நேரம் சும்மா உட்கார வைக்க முடியும்? வெயிலைப் பற்றிப் பேசியாகிவிட்டது. ரோடு வேலையைப் பற்றிப் பேசியாகிவிட்டது. மிச்சம் இருந்தது எனக்குத் தெரிந்த ஒரே சப்ஜெக்ட் — கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுன். நான் குடியிருக்கும் இடம். ஆரம்பித்துவிட்டேன்.

இந்த நிலைமைக்குக் காரணம் யார்? வேறு யார்… நான்தான்.

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். பேனாவுக்கு ஒரு இடம், மூடிக்கு ஒரு இடம் என்று வாழ்கிறவன். ராத்திரி டைரி எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது. அதனாலேயே எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன விசேஷம் என்றாலும் நாள் பார்க்கிற வேலை என் தலையில் விழும். பெண்ணுக்குத் தாய்மாமன் வேறு. விடுவார்களா?

பையனுக்குக் கோயம்புத்தூரில் பேங்க் வேலை. லீவில் வந்திருந்தான். அடுத்த ஞாயிறு ஆடி பிறந்துவிடும். ஆடியில் எங்கள் பக்கம் பெண் பார்க்கிற பேச்சே கிடையாது. ஆக, இருந்தது ஒரே ஞாயிறு. காலையில் அவர்களுக்கு அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் வேலை இருக்கிறது, மதியத்துக்கு மேல்தான் கிளம்ப முடியும் என்றார்கள். காலண்டரைப் பார்த்தேன். பௌர்ணமி. எமகண்டம் மதியத்தோடு முடிகிறது. ராகு காலம் நாலரைக்கு மேல். நடுவில் அருமையான நல்ல நேரம். எல்லாப் பக்கமும் பார்த்து, இரண்டு வீட்டுக்கும் போன் செய்து, கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டமும் போட்டுவிட்டேன்.

கடைசியாகத்தான் ரம்யாவுக்குப் போன் செய்தேன். கடைசியாக! இந்த வரிசையை யாரும் தப்பென்றே நினைக்கவில்லை, பாருங்கள்.

"என்னிக்குன்னு சொன்னீங்க மாமா?"

"ஞாயித்துக்கிழமம்மா. பௌர்ணமி. சாயங்காலம் நல்ல நேரம்."

போனில் நோட்டுப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"மாமா… பௌர்ணமின்னா எனக்கு சேம்பிளிங்."

ரம்யா பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் ஆராய்ச்சி செய்கிறாள். வெள்ளாறு கடலில் கலக்கிற முகத்துவாரம்தான் அவள் ஆபீஸ். அங்கே சேற்றுக்குள் வாழ்கிற மட்டி, நத்தை, நூல் மாதிரியான புழுக்கள் — இவைதான் அவளுடைய பிஎச்.டி. மாதாமாதம் பௌர்ணமி அன்று, தண்ணீர் நன்றாக வற்றி சேறு தெரியும் நேரத்தில் இறங்கி, ஒரே இடத்தில் சேறு எடுத்து, சல்லடையில் அலசி, எந்தெந்த உயிர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வருடத்துக்கு ஒரு மாதம்கூட விடாமல் பார்க்க வேண்டும். இந்தப் பௌர்ணமியோடு அந்த வருடம் நிறைகிறது.

பௌர்ணமி அன்றைக்குக் கடல் மற்ற நாளைவிட அதிகமாக ஏறும்; அதிகமாக வற்றும். எங்கள் கரையில் அந்த வற்றல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். அதாவது, நான் சிவப்பு மையில் வட்டம் போட்ட நேரத்தை ஒட்டி!

"அடுத்த நாள் எறங்கினா ஆகாதா?"

"இத்தனை மாசமா பௌர்ணமிக்கு எடுத்துட்டு, கடைசி மாசம் மட்டும் மாத்துனா எப்படி மாமா? நீங்க ஒரு நாள் டைரி எழுதாம, மறுநாள் சேத்து எழுதுவீங்களா?"

எங்கே அடித்தால் எனக்கு வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"உங்களுக்கும் அந்த நிலாதான் வேணும், எனக்கும் அந்த நிலாதான் வேணும்" என்றாள். "ரெண்டு பேரும் ஒரே சீட்டுல துண்டு போட்டுட்டோம்."

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அதற்கு முந்தின வாரம்தான் இதே பக்கத்தில் ஓ.டி. பிறந்த கதையை எழுதியிருந்தேன். அந்தக் காலத்தில் துறைமுகத்தில் தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்துத்தான் எல்லாம் நடந்தது என்று நானே எழுதியிருந்தேன். அச்சில் வந்தது. படித்தவர்கள் பாராட்டினார்கள். எழுதினவன் மட்டும் படிக்கவில்லை போலிருக்கிறது.

வசந்தியின் கணவர் சேகருக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. நேரில் போய்ச் சொன்னேன். ஒரு பிரேக் ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"மச்சான், நீங்க நாள மாத்த வேணாம். அவள மாத்தச் சொல்லுங்க."

"மாத்த முடியாதுங்கறா."

"ஏற்கெனவே ரெண்டு எடம் என்னாச்சு? பொண்ணு சேத்துல எறங்குமான்னு கேட்டாங்க. ஆமான்னோம். அதோட போனே எடுக்கல. எடுத்தாங்களா?" ஒயரை ஆணியில் மாட்டினார். "இதையும் இவ தட்டிவிட்டான்னு வெச்சுக்குங்க… அத்தோட சரி. சேறும் வேணாம், சல்லடையும் வேணாம். கடைல வந்து கல்லாவுல ஒக்காரட்டும். நான் சொன்னேன்னே சொல்லுங்க."

சேகர் கெட்டவர் இல்லை. கடன் வாங்கியாவது படிக்க வைத்தவர். ஆனால் சொன்னால் சொன்னதுதான். கடையில் ஒரு விலை சொல்லிவிட்டால் அப்புறம் அவரே நினைத்தாலும் குறைக்க மாட்டார்.

அதனால் நான் ஒரு திட்டம் போட்டேன். சேகர் பைக்கில் பரங்கிப்பேட்டை போவார். ரம்யா சேறு எடுத்து முடித்ததும் ஏற்றிக்கொண்டு, முட்லூர் வழியாக ஒரே ஓட்டம். வீட்டுக்கு வந்து குளித்து, புடவை மாற்றி, நல்ல நேரம் முடிவதற்குள் ஹாலுக்கு வந்துவிடலாம். காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். சரியாக வந்தது.

காகிதத்தில் எதுதான் சரியாக வராது?

ஞாயிறு அன்று வடலூர்க்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். பையன் பிரபு, ஒல்லியாக, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். அப்பா ரிட்டயரான ஹெட்மாஸ்டர். அம்மா வெள்ளைப் புடவை, நெற்றி நிறைய திருநீறு, கண்ணில் ஒரு குறும்பு. கூட இரண்டு உறவினர்கள்.

"பொண்ணு ரெடி ஆயிட்டு இருக்கு" என்று வசந்தி சொன்னாள். அதே நேரம் நான், "பொண்ணு வந்துட்டே இருக்கு" என்றேன்.

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பின்கட்டுக்குப் போய் சேகருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. ரம்யாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது. நிறுத்த முடியவில்லை. அப்போதுதான் ஹெட்மாஸ்டர், "நீங்க கடலூர்ல எங்க?" என்று கேட்டார். "ஓல்டு டவுன்" என்றேன். அவர் தலையாட்டியதோடு விட்டிருக்கலாம்… நான் விடவில்லை.

ஆறுகள் கூடிக் கடலில் விழுகிற இடம் என்பதால்தான் கடலூருக்கு அந்தப் பெயர் என்றேன். இங்கே துணி நெய்தார்கள், வெளியே கப்பல் வந்தது என்றேன். இங்கிலீஷ்காரன் தேவனாம்பட்டினத்தில் கோட்டையை வாங்கின கதையைச் சொன்னேன். எல்லையை எப்படி அளந்தான் தெரியுமா? கோட்டை மேலிருந்து பீரங்கியைச் சுட்டான். குண்டு போய் விழுந்த இடம் வரைக்கும் அவனுடையது! இன்றைக்கும் அந்த ஊர்களைக் குண்டு கிராமம் என்று சொல்வதுண்டு.

"குண்டு எவ்ளோ தூரம் போச்சு?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அது… பல பக்கமும் சுட்டிருக்காங்க."

"பல பக்கமும்னா, ஒரே அளவு வெடிமருந்து போட்டா சுட்டான்? சரியா இருக்காதே."

எனக்கும் பல வருடமாக அதே எரிச்சல்தான். ஒரு ஊரின் எல்லையை இப்படியா அளப்பது? ஆனால் அதைப் பேச அது நேரம் இல்லை. வாசலில் ஒரு பைக் சத்தம். எட்டிப் பார்த்தேன். பால்காரர்.

மேலே போனேன். கப்பல் கரைக்கு வர முடியாது. ஆற்று வாயில் மணல் திட்டு. கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். சின்னப் படகுகள்தான் சரக்கை உள்ளே கொண்டுவரும். அதுவும் எப்போது? தண்ணீர் ஏறினால்தான். அதுவரை வெளிநாட்டு வியாபாரி, உள்ளூர் தரகர், மூட்டை தூக்குகிறவர், சுங்கம் வாங்குகிறவர் — எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நிற்கிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும், சரக்கு வைக்கக் கிடங்கு வேண்டும். கடை வந்தது. தெரு வந்தது. ஓ.டி. வளர்ந்தது இப்படித்தான், தண்ணீருக்குக் காத்திருந்தவர்களால். மஞ்சக்குப்பம் பக்கத்துப் புது டவுன் அப்புறம் வந்தது, ஆபீஸ் மணிக்கு வளர்ந்த ஊர்.

பரங்கிப்பேட்டையும் அப்படித்தான், வெள்ளாற்று வாயில் வளர்ந்த துறைமுகம் என்றேன். அங்கே கப்பல் போக்குவரத்து நின்றுபோனது. அதே ஆற்று வாய்க்கு வேறு ஆட்கள் வந்தார்கள். கையில் மைக்ரோஸ்கோப், பாட்டில், சல்லடை. சரக்குக்காக அல்ல… சேற்றுக்காக. ஆனால் வந்தவுடன் அவர்கள் கேட்டதும் பழைய கேள்விதான்: தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும்?

நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஹெட்மாஸ்டர் காபியைக்கூட மறந்துவிட்டுக் கேட்டார்.

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லாம் சரிங்க. கப்பல் வந்துருச்சு. பொண்ணு எப்பங்க வரும்?"

பையனே சிரித்துவிட்டான். நான் வேர்வையைத் துடைத்தேன். சமையல்கட்டு வாசலிலிருந்து வசந்தி கண்ணால் கூப்பிட்டாள். போனேன்.

"அண்ணே, ராகு காலம் பொறந்துருச்சு" என்று கிசுகிசுத்தாள். அழுகிற மாதிரி இருந்தாள். "இனிமே எப்படிண்ணே காட்டறது? வாயத் தொறந்தா பீரங்கி, குண்டுன்னு… நல்ல காரியத்துல பேசற பேச்சா அது?"

அப்போது நிஜமாகவே பைக் வந்து நின்றது.

சேகர் வெள்ளை வேட்டியில் போயிருந்தார். வந்தபோது அந்த வேட்டி முழங்கால் வரை கறுப்பு. சட்டையில் கறுப்பு. காதில்கூடக் கறுப்பு. பின்னால் ரம்யா, டிராக் பேண்ட், தொப்பி, மடியில் மூடி போட்ட வாளி. கொல்லைப்பக்கம் போகவேண்டியவர்கள் நேராக முன்வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். ஜன்னல் வழியாக ஹாலே பார்த்தது.

"ஐயோ… கொல்லப்பக்கமா வாங்க!" வசந்தியின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

நான் சமாளிக்கப் பார்த்தேன். "ராகு காலம் முடிஞ்சதும்…" என்று இழுத்தேன்.

அந்த அம்மா கையசைத்தார். "எங்க வீட்டுல அதெல்லாம் பாக்கறது இல்லீங்க. நல்லது செய்ய எல்லா நேரமும் நல்ல நேரந்தான். கொழந்தைய குளிச்சிட்டு மெதுவா வரச் சொல்லுங்க."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எமகண்டம் பார்த்தது, நல்ல நேரம் பார்த்தது, அந்தக் காகிதத் திட்டம்… இவர்களுக்கு எதுவுமே தேவைப்படவில்லை! ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ராத்திரி எட்டு மணிக்குக்கூட வந்திருப்பார்கள்.

ரம்யா வந்தாள். பச்சைப் புடவை. அவசரத்தில் நகத்தில் சேறு போகவில்லை. வணக்கம் சொல்லி உட்கார்ந்தாள். சேகரும் வேறு வேட்டி கட்டி வந்து, லேட்டானதற்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். மன்னிப்பு பாதியில் வேறெங்கோ போய்விட்டது.

"கூட வர்ற பொண்ணுக்குக் காச்சலாம். ரம்யா தனியா நிக்குது. ஒரு இரும்புச் சட்டம் இருக்குங்க, சதுரமா. அத சேத்துல வெச்சு அமுக்கிப் புடிக்கணும். அதுக்குள்ள இருக்கறத மட்டும் வழிச்சு எடுக்கும். கொஞ்சம் சாஞ்சாலும் அம்புட்டும் வேஸ்ட்டு. நான்தான் புடிச்சேன். ஒரு தரம் கால் வழுக்கி ஒக்காந்தே போயிட்டேன்… ஆனா சட்டத்த விடல!"

இவரா, சேறும் வேண்டாம் சல்லடையும் வேண்டாம் என்று சொன்னவர்? கையை விரித்து அளவு காட்டிக்கொண்டிருந்தார். வசந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அலசுனா அவ்ளோ உயிருங்க! ஜாஸ்தி… சேறுன்னு நெனைக்கிறோம். உள்ள ஒரு ஊரே இருக்கு."

ஹெட்மாஸ்டர் ஆர்வமாகக் கேட்டார். பையன் ரம்யாவையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் கூடி வருகிறது என்று என் கால் ஆடுவதுகூட நின்றது.

அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். "அந்த உயிரையெல்லாம் அப்புறம் என்னம்மா பண்ணுவ?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வடலூர். வெள்ளை கட்டி, எந்த உயிருக்கும் துன்பம் தரக்கூடாது என்று வாழ்கிற வீடு. காலையில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கிவிட்டு வந்திருக்கிறார். நாள் பார்த்தேன், நேரம் பார்த்தேன்… இதை யோசிக்கவே இல்லையே!

முந்திக்கொண்டேன். "எண்ணிப் பாத்துட்டு மறுபடி ஆத்துலயே விட்டுடுவாங்கம்மா."

"இல்ல மாமா" என்றாள் ரம்யா. "விட முடியாது. கெடாம இருக்க பார்மலின் பாட்டில்ல போட்டுடுவேன்."

"அப்ப… செத்துடுமா?"

"செத்துடும்மா."

ரம்யா அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"எது இருக்கு, எது கொறையுதுன்னு தெரிஞ்சாதான் அந்த எடத்தயே காப்பாத்த முடியும். அதுக்காகத்தான் எடுக்கறேன். தேவைக்கு மேல ஒண்ணுகூட எடுக்க மாட்டேன். ஆனா கொல்லலன்னு சொன்னா அது பொய்ம்மா."

"இந்த மாசத்தோட முடிஞ்சுதா?" என்று கேட்டான் பிரபு. அன்றைக்கு அவன் பேசிய முதல் பேச்சு.

"ஒரு வருஷம் முடிஞ்சுது. இன்னொரு வருஷம் பாத்தா நல்லதுன்னு மேடம் சொல்றாங்க. எனக்கும் பாக்கணும்."

அந்த அம்மா தலையாட்டினார். கோபம் இல்லை. ரம்யாவின் கையைப் பிடித்து, நகத்துச் சேற்றைப் பார்த்து, விட்டார். கிளம்பும்போது கும்பிட்டுவிட்டுச் சொன்னார்.

"போயிட்டு தகவல் சொல்றோம்."

தமிழ்நாட்டில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதைவிடத் தூக்கம் கெடுக்கிற மூன்று வார்த்தை உண்டா?

அதற்கப்புறம் வந்த நாட்களில் நான் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை. போன் அடித்தால் எழுந்து நிற்பேன். அடிக்காவிட்டால் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஓ.டி. பாலத்தில் போய் நின்று தண்ணீரைப் பார்த்தேன். மனசு அதிலும் நிற்கவில்லை. இந்த இடம் போனால் கல்லாவில் உட்கார வேண்டியவள் அவள். சேகர் சொன்னால் சொன்னதுதானே?

அந்த அம்மாவே கூப்பிட்டார்.

"பொண்ணு மறைக்காம சொல்லுச்சு பாருங்க, அது மனசுக்கு ரொம்ப நெறவா இருந்துச்சு. பொய் சொல்லிட்டு எங்க வீட்டுக்கு வந்திருந்தா என்னா பண்ணியிருப்போம்? ஆனா… எங்களால முடியாதுங்க. ராத்திரி சாப்பிட ஒக்காந்தா அந்த பாட்டிலு ஞாபகம் வருது. தப்பா எடுத்துக்காதீங்க. கொழந்தைக்கு நல்ல எடமா அமையும்."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவர் மனசை அவர் சொன்னார். இவள் வேலையை இவள் சொன்னாள். நடுவில் பொய் சொல்லப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

இதைப் போனில் சொல்லத் தைரியம் இல்லை. பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். கடையில் சேகர் ஒரு பழைய செயினைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். கழுவுவதை நிறுத்தவில்லை.

"ஒத்துவராதுன்னுட்டாங்களா?"

"ம்."

"சேறுன்னா?"

"சேறு இல்ல. உயிர்க்கொலைன்னு."

செயினைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடி கழுவினார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ரம்யாவுக்காக என்னென்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். முதல் பாயிண்டுக்கு வாயைத் திறந்தேன்.

"மச்சான்" என்றார். "அடுத்த பௌர்ணமி என்ன கெழம?"

"எதுக்கு?"

"அந்தக் காச்சல்காரப் பொண்ணு கோணலா புடிக்கும்னு ரம்யாவே சொல்லுது. ஒரு வருஷம்னா சும்மாவா? நேரா புடிக்க ஆள் வேணுமில்ல?"

நான் வாயை மூடிக்கொண்டேன். யோசித்து வைத்த பாயிண்டுகள் அப்படியே இருக்கட்டும்.

சாக்பீஸை எடுத்து என் கையில் கொடுத்து, கடை விடுமுறை என்று போர்டில் எழுதச் சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். என்ன காரணம் போடட்டும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குடும்ப விசேஷம்னு போடுங்க" என்றார்.

ஆடி மாதத்தில் அந்தக் குடும்பத்தில் அப்படி என்ன விசேஷம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம்!